எத்தனை டிகிரி என்று மட்டும் போதாது, எத்தனை மணி நேரம் என்றும் சொல்லுங்கள்: டாலஸ் வட்டாரத் தமிழ்க் குழுக்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். டாலஸ், ஃபோர்ட் வொர்த், இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ என்று இந்த வட்டாரம் முழுக்க இருக்கும் நம் வாட்ஸ்அப் குழுக்களை நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குழு, பொங்கல் விழாக் குழு, அப்பார்ட்மெண்ட் குழு, ஊர்க்காரர் குழு, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு விஷயம் கேட்க வேண்டும், அதற்கு முன் ஏன் கேட்கிறேன் என்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வார முன்னறிவிப்பில் "ஆர்க்டிக்" என்ற சொல் வந்துவிட்டது. வந்த அரை மணி நேரத்துக்குள் நான் இருக்கும் நான்கு குழுக்களிலும் ஒரே படம்: டெக்ஸஸ் முழுக்கக் கருநீலம், நடுவில் ஊதா, மேலே "14 அங்குலம் பனி" என்று யாரோ சிவப்பில் எழுதியிருக்கிறார்கள். யார் போட்டது, எப்போது போட்டது, எந்தக் கணக்கிலிருந்து எடுத்தது, ஒன்றும் இல்லை. அதன் கீழே பயந்த முகங்கள், பாலும் பிரெட்டும் தீர்ந்துபோன கடையின் புகைப்படம், "2021 மாதிரியே வருதாம்" என்று ஒருவர், "போன வருஷமும் இப்படித்தான் சொன்னாங்க, ஒண்ணும் வரல" என்று இன்னொருவர். இருநூறு செய்தி தாண்டிவிட்டது. அந்த இருநூறில், எந்த நாள் எத்தனை மணிக்கு உறைநிலைக்குக் கீழே போகும், எப்போது மேலே வரும் என்று ஒரு வரி இல்லை. நான் மேலே போய் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

2021 பிப்ரவரியில் நாங்கள் இர்விங்கில் இரண்டு படுக்கையறை அப்பார்ட்மெண்ட்டில் இருந்தோம். அம்மாவும் அப்பாவும் ஆறு மாதத்துக்கு என்று வந்தவர்கள், கொரோனாவால் ஊருக்குத் திரும்ப முடியாமல் எங்களோடேயே தங்கிவிட்டார்கள். அப்பாவுக்கு அப்போது 71 வயது, இருபது வருஷமாகச் சர்க்கரை. ஞாயிற்றுக்கிழமை பனி விழுந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான், அம்மா ஜன்னலோரம் நின்று ஊரில் இருக்கும் சித்திக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தார். திங்கள் அதிகாலை நான்கு மணிக்கு விழிப்பு வந்தது. என்ன சத்தம் என்று எழவில்லை, சத்தம் இல்லையே என்றுதான் எழுந்தேன். ஹீட்டர் நின்றிருந்தது.

"மின்சாரத்தை முறை வைத்து நிறுத்துகிறார்கள், 45 நிமிஷத்தில் வந்துவிடும்" என்று குழுவில் ஒரு செய்தி. முறை வைத்து நிறுத்துவதுதான் திட்டம் என்பது உண்மைதான், நடக்கவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு அந்த 45 நிமிஷம் 60 மணி நேரமாகியது. காரில் இருபது நிமிஷ தூரத்தில் ஒரு நண்பர் வீட்டில் மின்சாரம் இருந்தது, ஆஸ்பத்திரி லைன் என்பதால் நிறுத்தவில்லை. "கிளம்பி வாடா" என்று திங்கள் காலையே கூப்பிட்டார். நான் போகவில்லை. சாலை பயம் ஒரு பக்கம். ஆனால் உண்மையான காரணம், இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும், மதியத்துக்குள் வெயில் ஏறிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். குளிர் வாரக் கடைசி வரை விடாது என்று எனக்குத் தெரியாது. முன்னறிவிப்பில் இருந்தது. பல நாள் முன்னாடியே எழுதி வைத்திருந்தார்கள். என் கைக்கு வந்து சேர்ந்தது கருநீலப் படமும் 45 நிமிஷமும்தான்.

அடுப்பும் மின்சார அடுப்பு, அதனால் வெந்நீர்கூடக் கிடையாது. அம்மா ஞாயிறு ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு புதன்கிழமை வரை ஒரு குமிழிகூட விடவில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் மெழுகுபோல் நின்றது. பேட்டரியில் ஓடும் சின்ன வெப்பமானி ஒன்று பூஜை அலமாரி பக்கத்தில் இருந்தது, செவ்வாய் காலை அது 41 காட்டியது, செல்சியஸில் 5. வீட்டுக்குள்ளே. அப்பா சோஃபாவில் இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார், ஆனால் கால் வெளியே இருந்தது, மெல்லிய சாக்ஸ் ஒன்றுதான். கழற்றிப் பார்த்தால் விரல்கள் வெள்ளையாக, மெழுகு மாதிரி. "வலிக்குதாப்பா?" என்றால் "ஒண்ணும் வலிக்கலயே" என்கிறார். வலிக்காததுதான் ஆபத்து என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குக் குளிர் கடிப்பது தெரியவே தெரியாது. அவர் காலை என் வயிற்றில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது அம்மா அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு விரலில் மட்டும் தோல் உரிந்தது, சரியாகிவிட்டது. இன்றைக்கும் நல்லா இருக்கிறார்.

எல்லா வீட்டுக்கும் அப்படி அமையவில்லை. டெக்ஸஸ் மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்குப்படி அந்தக் குளிரில் இறந்தவர்கள் 246 பேர். அதில் 161 பேர் குளிராலேயே இறந்தவர்கள். எங்கேயோ மலையேறப் போய் மாட்டிக்கொண்டவர்கள் இல்லை, பலர் தங்கள் வீட்டுக்குள், தங்கள் படுக்கையில்.

அந்த வாரம் டாலஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் பிப்ரவரி 16 காலை பதிவானது மைனஸ் 2 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ். 1949க்குப் பிறகு இவ்வளவு இறங்கியதில்லை. இந்த எண்ணை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொரு எண். 139. தொடர்ந்து 139 மணி நேரம் இங்கே வெப்பநிலை உறைநிலையைத் தாண்டவே இல்லை. கிட்டத்தட்ட ஆறு நாள். வேக்கோவில் 205 மணி நேரம். ஒரு ராத்திரி மைனஸ் 10 செல்சியஸுக்குப் போய்விட்டு மறுநாள் மதியம் வெயிலில் 8 டிகிரி என்றால் வீடு தாங்கும், குழாய் தாங்கும், மின்சாரம் போனால்கூட ஆள் தாங்குவார். மைனஸ் 4லேயே நாலு நாள் நின்றால் கதையே வேறு. படத்தில் இந்த இரண்டும் ஒரே நீலம்தான்.

அந்த நீலப் படங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுக்களில் வரும் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் பருவநிலை முன்கணிப்பு மையம் 6 முதல் 10 நாள், 8 முதல் 14 நாள் என்று இரண்டு வரைபடம் வெளியிடுகிறது. அதில் கருநீலம் என்றால் "ரொம்பக் குளிரும்" என்று அர்த்தம் இல்லை. "வழக்கத்தைவிடக் குளிராக இருக்க வாய்ப்பு மிக அதிகம்" என்று அர்த்தம். வழக்கத்தைவிட நாலு டிகிரி குறைந்தாலும் அந்தப் படம் பலித்ததுதான், முப்பது டிகிரி குறைந்தாலும் பலித்ததுதான். நிறம் காட்டுவது நிச்சயத்தின் அளவை. குளிரின் அளவை இல்லை. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பதற்றம் அடங்கும்.

இன்னொன்று பனி அங்குலப் படம். வானிலையைக் கணித்துச் சொல்லும் கணினிக் கணக்கைத்தான் மாதிரி என்கிறார்கள். அமெரிக்க மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் 16 நாள் தூரம் வரை கணக்குப் போட்டுத் தள்ளுகிறது. ஐரோப்பிய மாதிரி 15 நாள் வரை. 10 நாள் தள்ளி ஒரு குறிப்பிட்ட ஊரில் எத்தனை அங்குலம் பனி என்பதை எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது, ஆனால் கேட்டால் படம் போட்டுக் கொடுக்கும். காலை ஓட்டத்தில் 14 அங்குலம் இருந்த இடம் மாலை ஓட்டத்தில் வெறும் மழையாக மாறியிருக்கும். அதனால்தான் வானிலை ஆட்கள் ஒரே கணக்கைத் தொடக்கத்தில் சிறுசிறு மாற்றம் செய்து பல முறை ஓட்டிப் பார்க்கிறார்கள், அமெரிக்க மாதிரியில் 31 முறை, ஐரோப்பிய மாதிரியில் 51 முறை. 51இல் 45 ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். குழுவுக்கு வரும் படமோ பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலேயே மிகக் கொடூரமான ஒன்று. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பயமுறுத்தும் படம்தான் கை மாறி கை மாறி ஓடும், சாதாரணப் படத்தை யார் அனுப்பப் போகிறார்கள்?

அதற்காக முன்னறிவிப்பே பொய் என்று ஒதுக்குவதும் தப்பு. எது எப்போது தெரியும் என்று ஒரு வரிசை இருக்கிறது. பத்து நாள் முன்னால் "பெரிய குளிர் வர வாய்ப்பு" என்று தெரியும், அவ்வளவே. 2021இல் ஜனவரித் தொடக்கத்திலேயே வட துருவத்துக்கு மேலே, வெகு உயரத்தில் இருக்கும் காற்றடுக்கான அடுக்குமண்டலம் திடீரென்று சூடேறி, அங்கே சுழன்றுகொண்டிருந்த குளிர்ச் சுழல் குலைந்தது. அப்படிக் குலைந்தால் அடுத்த சில வாரங்களில் எங்கேயாவது துருவக் குளிர் தெற்கே இறங்கலாம் என்பது வானிலைக்காரர்களுக்குத் தெரியும், எங்கே என்பதுதான் அப்போது தெரியாது. ஐந்து நாள் முன்னால் எந்த நாள் வரும், ஏறக்குறைய எவ்வளவு இறங்கும், எத்தனை நாள் நிற்கும் என்பது ஓரளவு பிடிபடும். மழையா, பனியா, உறைமழையா என்பது மட்டும் கடைசி இரண்டு நாளில்தான், சில நேரம் கடைசி ஆறு மணி நேரத்தில்தான் தெரியும். ஒரு டிகிரி வித்தியாசத்தில் எல்லாம் மாறிவிடும்.

ஏன் என்றால் இந்த ஊரின் அமைப்பு அப்படி. கனடாவிலிருந்து டெக்ஸஸ் வரை குறுக்கே ஒரு மலை கிடையாது. மேற்கே ராக்கி மலை சுவர்போல் நிற்கிறது, அந்தச் சுவரோரமாகவே குளிர்காற்று சரிந்து வருகிறது. அது கனமான காற்று, தரையோடு ஒட்டி, வயலில் தண்ணீர் பாய்ச்சினால் ஊர்ந்து வருமே அப்படி வரும். அடியில் சில நூறு மீட்டர் உயரத்துக்குத்தான் குளிர், மேலே இன்னும் வெதுவெதுப்பு. மெல்லிய அடுக்கு என்பதால் கணினி மாதிரிகள் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை, பல முறை மாதிரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே குளிர் வந்து நிற்கிறது. நம் ஃபோர்ட் வொர்த் வானிலை அலுவலகத்துக்காரர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும், அவர்கள் எழுதும் குறிப்பில் "மாதிரிகள் காட்டுவதைவிட முன்னால் வரலாம்" என்ற வரியைப் பார்த்தால் அதை மதியுங்கள். இங்கத்தியக்காரர்கள் "ப்ளூ நார்தர்" என்று சொல்லும் வாடைக்காற்று இதுதான். 1911 நவம்பர் 11 அன்று ஓக்லஹோமா சிட்டியில் ஒரே நாளில் 83 ஃபாரன்ஹீட்டிலிருந்து 17க்கு இறங்கியது, 28 செல்சியஸிலிருந்து மைனஸ் 8. காலையில் சட்டையோடு போனவர் ராத்திரி உறைந்துபோகும் குளிர்.

மேலே வெதுவெதுப்பு, அடியில் குளிர் என்பதால்தான் நமக்கு அழகான பனியைவிட உறைமழை அதிகம். மேலிருந்து தண்ணீராக விழும், தரையில் பட்டதும் கண்ணாடியாகும். 2021 பிப்ரவரி 11, பெரிய குளிர் வருவதற்கு மூன்று நாள் முன்னால், ஃபோர்ட் வொர்த்தில் ஐ-35 டபிள்யூ சாலையில் விடிவதற்குள் 133 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின, ஆறு பேர் இறந்தார்கள். பனிப்புயல் எதுவும் இல்லை. லேசான தூறல். பார்த்தால் ஈரச் சாலை மாதிரிதான் இருந்திருக்கும். பாலங்களும் உயரச் சாலைகளும் முதலில் உறையும், அடியிலும் குளிர்காற்று ஓடுவதால். "ஐஸ் ஒண்ணும் தெரியல, கிளம்பலாம்" என்று குழுவில் யாராவது ஜன்னல் வழியாகப் படம் எடுத்துப் போட்டால், தயவுசெய்து அதன் கீழே ஒரு எச்சரிக்கை போடுங்கள். தெரியாததுதான் அது.

சரி, இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன்.

குளிர் வருகிறது என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து அது முடிகிற வரைக்கும், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று ஒரு தமிழ்க் குறிப்பு எல்லாக் குழுவிலும் போக வேண்டும். ஃபோர்ட் வொர்த் அலுவலகம் 46 மாவட்டங்களுக்கு முன்னறிவிப்பு தருகிறது, ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு முறை அவர்களே தங்கள் கைப்பட விரிவான குறிப்பும் எழுதுகிறார்கள், எதில் உறுதியாக இருக்கிறோம், எதில் சந்தேகம் என்று மனம் திறந்து எழுதுகிறார்கள். அதைவிட நல்ல ஆதாரம் நமக்குக் கிடையாது. அது ஆங்கிலத்தில், ஃபாரன்ஹீட்டில் இருக்கிறது. நமக்குப் படிக்கத் தெரியும். ஆனால் பகலில் வீட்டில் இருப்பது நாம் இல்லை. நம் அம்மா அப்பா, மாமியார் மாமனார். மகன் ஆபீஸில், மருமகள் ஆபீஸில், பேரன் பள்ளியில், வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் கையில் போன். அவர்களுக்கு "20 டிகிரி" என்றால் அது ஊட்டி மாதிரி இதமான நாள். இந்த ஊர் 20 டிகிரி செல்சியஸில் மைனஸ் 7 என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? ஒரு பெரியவர் காதுக்கு மஃப்ளர் மட்டும் கட்டிக்கொண்டு செருப்போடு நடைப்பயிற்சி கிளம்புவதை என் கண்ணால் பார்த்து, வண்டியை நிறுத்திக் கூட்டி வந்திருக்கிறேன்.

அந்தக் குறிப்பு இப்படி இருந்தால் போதும். எண்கள் உதாரணத்துக்குத்தான்:

"சனிக்கிழமை மாலை 6 மணிக்கு உறைநிலைக்குக் கீழே போகிறது. செவ்வாய் மதியம் 1 மணி வரை மேலே வராது. மொத்தம் 67 மணி நேரம். அதிகக் குளிர் திங்கள் காலை, மைனஸ் 11 செல்சியஸ், இந்த ஊர்க் கணக்கில் 12. ஞாயிறு காலை உறைமழைக்கு வாய்ப்பு, எவ்வளவு என்று இன்னும் உறுதி இல்லை. ஞாயிறு மதியம் வரை வண்டி எடுக்க வேண்டாம். இது ஃபோர்ட் வொர்த் அலுவலகம் வியாழன் மாலை 4 மணிக்குச் சொன்னது. அடுத்த குறிப்பு நாளைக் காலை."

அவ்வளவுதான். எப்போது தொடங்கி எப்போது முடியும், மொத்தம் எத்தனை மணி நேரம், வறண்ட குளிரா ஈரக் குளிரா, யார் எப்போது சொன்னது. கடைசி வரி இல்லாத செய்தியைத் தயவுசெய்து குழுவில் நிற்க விடாதீர்கள். மூன்று நாள் பழைய எச்சரிக்கை புதிதுபோல் சுற்றுவதும், போன வருஷப் படம் இந்த வருஷம் திரும்பி வருவதும் அதனால்தான்.

பெயர்களும் மாறியிருக்கின்றன, கவனியுங்கள். 2024 அக்டோபரிலிருந்து பழைய விண்ட் சில் எச்சரிக்கையை எக்ஸ்ட்ரீம் கோல்டு வார்னிங் என்று மாற்றிவிட்டார்கள், அதற்கு ஒரு படி கீழே கோல்டு வெதர் அட்வைசரி. வாட்ச் என்றால் வரக்கூடும், தயாராகு. வார்னிங் என்றால் வந்துவிட்டது அல்லது வருவது உறுதி, இப்போதே செய். இந்த இரண்டு சொல்லையும் தமிழில் சரியாகப் பிரித்துச் சொன்னாலே பெரியவர்களுக்குப் பெரிய உதவி.

விண்ட் சில் பற்றி ஒரு வார்த்தை. "மைனஸ் 25 ஆகப் போகுதாம்" என்று வருவது பெரும்பாலும் அந்தக் கணக்குதான். அது திறந்த தோலுக்கான கணக்கு, காற்றடித்தால் உடம்புச் சூடு எவ்வளவு வேகமாகப் போகும் என்பது. வெளியே போகிறவருக்கு அது முக்கியம். குழாய்க்கு அது கிடையாது. வெளிக்காற்று மைனஸ் 8 என்றால் குழாய் மைனஸ் 8க்குக் கீழே போகாது, சந்து வழியாகக் காற்று புகுந்தால் சீக்கிரம் அங்கே போய்ச் சேரும், அவ்வளவே. இலினாய் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுப்படி, போர்த்தாமல் பரணில் ஓடும் குழாய்களுக்கு 20 ஃபாரன்ஹீட், மைனஸ் 7 செல்சியஸ், அதுதான் அபாயக் கோடு. டெக்ஸஸ் வீடுகளில் எத்தனையோ வீட்டுக்குப் பரணிலும் வெளிச்சுவரிலும்தான் குழாய் ஓடுகிறது, வெயிலுக்குக் கட்டிய வீடுகள்.

குழாயைச் சொட்ட விடச் சொல்வதை நம் ஆட்கள் பலர் தண்ணீர் வீண் என்று கேட்பதில்லை, குறிப்பாக ஊரில் குடத்துக்குக் காத்திருந்த நம் அம்மாக்கள். அவர்களுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள், செய்வார்கள். பனிக்கட்டி அடைத்த இடத்தில் குழாய் பெரும்பாலும் வெடிப்பதில்லை. அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் தண்ணீர் மாட்டிக்கொண்டு, பனிக்கட்டி வளர வளர அங்கே அழுத்தம் ஏறித்தான் வெடிக்கிறது. குழாயைச் சொட்ட விட்டால் அந்த அழுத்தத்துக்குப் போக்கிடம் கிடைக்கிறது. வெந்நீர், தண்ணீர் இரண்டும் சொட்ட வேண்டும், தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். தனி வீட்டில் இருப்பவர்கள் மொத்தத் தண்ணீரையும் மூடும் வால்வு எங்கே என்று இன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். 2021இல் எங்கள் மாடி வீட்டுக் குழாய் வெடித்தபோது, வால்வு எங்கே என்று தெரியாமல் ஐந்து பேர் டார்ச் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேடினோம், அதற்குள் கீழ் வீட்டின் கூரையே இறங்கிவிட்டது.

கரி அடுப்பு. இதை இரண்டு முறை சொல்லச் சொன்னாலும் சொல்வேன். அந்தத் திங்கள்கிழமை ராத்திரி, பார்பிக்யூ அடுப்பை ஹாலுக்குள் கொண்டுவந்து பற்றவைத்துக் குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்கும் படத்தை ஒருவர் "நல்ல ஐடியா" என்று போட்டிருந்தார். நாற்பது பேர் கைதட்டினார்கள். எனக்கும் நல்ல ஐடியாவாகத்தான் பட்டது, பால்கனியில் இருந்த அடுப்பை உள்ளே எடுத்து வந்துவிட்டேன், கரி ஈரமாக இருந்ததால் பிடிக்கவில்லை. கரி ஈரமாக இருந்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன். கரியும் ஜெனரேட்டரும் மூடிய கராஜில் ஓடும் காரும் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசம் கிடையாது. தலைவலி, வாந்தி, தூக்கம், பிறகு எழுந்திருக்க மாட்டோம். அந்த 246 பேரில் 19 பேர் இதனால்தான் போனார்கள். அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால் அட்மின் என்ற முறையில் அதே நிமிஷம் நீக்குங்கள். யாராவது கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

மின்சாரம் பற்றி வரும் செய்திகளையும் அப்படியே விடாதீர்கள். "இந்த முறையும் கட்டாயம் போகும்" என்பதற்கும் ஆதாரம் இல்லை, "சட்டம் போட்டாச்சு, இனி போகவே போகாது" என்பதற்கும் இல்லை. டெக்ஸஸின் பெரும்பகுதிக்குத் தனி மின்கட்டமைப்பு, பக்கத்து மாநிலங்களிலிருந்து பெரிய அளவில் வாங்க முடியாது. 2021இல் அதுவும் ஒரு காரணம். மின் நிலையங்களும் எரிவாயுக் குழாய்களும் குளிருக்குத் தயாராக இல்லாதது இன்னொன்று. 2011 குளிருக்குப் பிறகே எச்சரித்திருந்தார்கள், செய்யவில்லை. 2021க்குப் பிறகு சட்டம் வந்தது, 2024 ஜனவரிக் குளிரில் முறை வைத்து நிறுத்தாமலே சமாளித்தார்கள், அது நல்ல செய்தி. ஆனால் உறைமழையில் மரக்கிளை ஒடிந்து உங்கள் தெருக் கம்பி அறுந்தால் அதற்கு எந்தச் சட்டமும் உதவாது. அதனால் அவரவர் வீட்டு அளவில் ஒரு ராத்திரிக்குத் தயாராக இருங்கள் என்று சொல்வதுதான் நியாயம்.

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவிலும் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளின் பட்டியல் ஒன்று வேண்டும். மகன் வேலையாக வெளியூர் போயிருப்பான், அல்லது மகளுக்குப் பிரசவம் ஆகி ஆஸ்பத்திரியில் இருப்பாள், அம்மா மட்டும் வீட்டில். பட்டியலைக் குழுவில் போடாதீர்கள், அட்மின்கள் உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் இருக்கும் நாட்களில் காலை ஒரு போன், ராத்திரி ஒரு போன், தமிழில். "சாப்டீங்களா மாமா, ஹீட்டர் ஓடுதா, கால்ல சாக்ஸ் போட்டிருக்கீங்களா" என்று கேட்க இரண்டு நிமிஷம் ஆகுமா? பேச்சு குழறினால், சொன்னதையே திரும்பச் சொன்னால், நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று தூங்கி வழிந்தால் அது களைப்பு இல்லை, உடம்புச் சூடு இறங்குகிறது, 911ஐக் கூப்பிட வேண்டும். வீட்டில் ஹீட்டர் இல்லை, எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 211. இந்த இரண்டு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நான் ஒதுங்கவில்லை. தமிழ்க் குறிப்பை நான் எழுதுகிறேன். காலை ஆறரைக்கு ஒன்று, மாலை ஐந்தரைக்கு ஒன்று, குளிர் போகிற வரைக்கும். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் நல்லது, நான் தூங்கிவிட்டாலோ எங்கள் வீட்டில் மின்சாரம் போய்விட்டாலோ நின்றுவிடக் கூடாது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அலுவலகக் குறிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் வேண்டும். கண் தெரியாத பெரியவர்களுக்காக அதையே குரலில் பேசி அனுப்ப என் மனைவி ஒத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் செய்ய வேண்டியது அதைக் குழுவின் மேலே பொருத்தி வைப்பது, அது இருக்கும்வரை 14 அங்குலப் படங்களுக்கு இடம் கொடுக்காமல் இருப்பது.

முதல் குறிப்பு இன்று மாலை வரும். இப்போதைக்கு இன்னும் நாள் இருக்கிறது, எத்தனை மணி நேரம் என்று இன்று துல்லியமாகச் சொல்ல முடியாது, அதையும் அப்படியே எழுதுவேன். கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் இன்றைக்கே உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், எங்கள் வீட்டில் அப்பா காலையிலேயே எடுத்து வைத்துவிட்டார், இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு.

அன்புடன்,
இர்விங்கிலிருந்து உங்கள் குழுக்களில் ஒருவன்